ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக் கைபேசி: நான்கு வழிகளும் அவற்றின் விலையும்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், பத்து முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஏறக்குறைய ஒரே பேச்சுத்தான் நடக்கிறது. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது, டியூஷன் முடிந்ததும் அழைக்க ஒரு போன் வேண்டும், வகுப்பில் பாதிப் பேரிடம் இருக்கிறது என்பவை பிள்ளை தரப்பு வாதங்கள். கண் கெட்டுவிடும், படிப்பு போய்விடும், யார் யாரோ பேசுவார்கள் என்பவை பெற்றோர் தரப்பு அச்சங்கள். இரண்டிலும் உண்மை இருப்பதால்தான் முடிவெடுக்க முடியாமல் பலர் திணறுகிறார்கள். அப்படிக் கேட்ட நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நான் மருத்துவனோ உளவியல் ஆலோசகனோ அல்லன். ஒன்பதாம் வகுப்பு மகளுக்கும் ஐந்தாம் வகுப்பு மகனுக்கும் தகப்பன். கீழே வரும் நான்கு வழிகளில் மூன்றை எங்கள் வீட்டிலேயே முயன்று பார்த்தவன்.

அந்த நான்கு வழிகள் இவை. பிள்ளைக்கென்று எதுவும் வாங்காமல் பெற்றோரின் கைபேசியையே அவ்வப்போது கொடுப்பது முதல் வழி. கூடத்தில் பொதுவாக ஒரு கணினியோ பழைய கைபேசியோ வைத்துவிட்டு, வெளியே எடுத்துச் செல்லப் பட்டன் போன் கொடுப்பது இரண்டாவது. நேரத்தையும் செயலிகளையும் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் பூட்டுச் செயலி போட்ட சொந்தக் கைபேசி மூன்றாவது. பூட்டே இல்லாமல் வீட்டு விதிகளை மட்டும் நம்பிக் கொடுக்கும் சொந்தக் கைபேசி நான்காவது.

## எதை வைத்து எடைபோடுவது

பெரும்பாலானோர் முதலில் கேட்பது "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?" என்பதைத்தான். சிறு குழந்தைகளுக்கு அதற்கு நேரடி விடை உண்டு. உலகச் சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2021-இல், ஐந்து முதல் பத்து வயதுவரை இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கட்டும் என்றது. பத்தைத் தாண்டியதும் இந்த எண்கள் மங்கிவிடுகின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமே, பெரிய பிள்ளைகளுக்கும் இரண்டு மணி நேரம் என்று வைத்திருந்த பழைய கணக்கை 2016-இல் கைவிட்டு, ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஒரு திட்டம் எழுதிக்கொள்ளட்டும் என்று மாறியது. இணையவழி டியூஷனில் கழியும் ஒரு மணி நேரமும், ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போகும் ஒரு மணி நேரமும் கடிகாரத்துக்கு ஒன்றுதான் என்பதால், இந்த வயதில் மணிக்கணக்கை முதல் அளவுகோலாக வைப்பதில் எனக்கும் நம்பிக்கை இல்லை.

என் முதல் அளவுகோல் தூக்கம். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வரை எட்டு முதல் பத்து மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்களின் கணக்கு. பள்ளி வேன் ஏழு மணிக்கு வாசலில் நிற்கும் வீட்டில் பிள்ளை ஐந்தே முக்காலுக்கு எழ வேண்டும். அங்கிருந்து ஒன்பது மணி நேரத்தைப் பின்னோக்கி எண்ணினால், முந்தின இரவு எட்டே முக்காலுக்குக் கண் மூடியிருக்க வேண்டும். டியூஷன் முடிந்து அது வீடு வந்து சேர்வதே எட்டு மணிக்கு. ஆக, பள்ளி நாளில் கைபேசிக்கென்று ஒதுக்க நேரமே மிஞ்சுவதில்லை. எடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் தூக்கத்திலிருந்தோ சாப்பாட்டிலிருந்தோ கிள்ளியதாகத்தான் இருக்கும்.

அடுத்து, பள்ளித் தேவை நிறைவேறுகிறதா என்பது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, மறு ஆண்டு நவம்பரில் கடைசியாகச் சிறு வகுப்புகளும் திறப்பதற்குள் கைபேசி பாடநோட்டுப் போல ஆகிவிட்டிருந்தது. நோய் போனாலும் வாட்ஸ்அப் குழு போகவில்லை. மூன்றாவது, அந்த ஏற்பாட்டை மீறுவது எவ்வளவு எளிது, மீறும் பழக்கம் பிள்ளையைப் பொய்க்குத் தள்ளுமா என்பது. நான்காவது, பதினெட்டு வயதில் விடுதிக்குப் போகும்போது தானே நிறுத்திக்கொள்ளும் பழக்கம் அதற்குள் வந்திருக்குமா என்பது.

ஐந்தாவது அளவுகோலைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன்: அந்த வரம்பைத் தினமும் காவல் காப்பவர் யார்? கட்டுப்பாடு விதிப்பவர் ஒருவர், காப்பவர் இன்னொருவர் என்பதே பல வீடுகளின் நிலைமை. அப்படி இருக்கும் வரை எந்த வழியும் மூன்று மாதம் தாண்டுவதில்லை என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

## முதல் வழி: பெற்றோரின் கைபேசியைக் கொடுப்பது

செலவில்லாத வழி என்று தோன்றுவதால் பெரும்பாலான வீடுகள் யோசிக்காமலே இதில்தான் இருக்கின்றன. தனிக் கருவி இல்லாததால் இரவில் கைபேசி பிள்ளையின் தலையணைக்கடியில் போவதில்லை. அது நிச்சயமான ஆதாயம்.

மறைந்திருக்கும் விலை வேறு இடத்தில் இருக்கிறது. அப்பாவின் கைபேசியில் யூடியூப் பார்க்கும் ஒன்பது வயதுப் பையன், அந்த நிறுவனத்தின் கண்ணுக்கு நாற்பது வயது ஆள். பெரியவருக்கான விளம்பரம், பெரியவருக்கான பரிந்துரை, வயது வரம்பு இல்லாத தேடல் எல்லாம் அவனுக்குக் கிடைக்கின்றன. இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்ம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைக் குழந்தைகள் என்றே கொண்டு, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களின் நடத்தையைப் பின்தொடரவோ அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டவோ கூடாது என்றும் சொல்கிறது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். ஆனால் பெரியவரின் கணக்குக்குள் உட்கார்ந்திருக்கும் குழந்தையை எந்தச் சட்டத்தாலும் அடையாளம் காண முடியாது.

அதே கைபேசியில்தான் யூபிஐ இருக்கிறது, வங்கியின் ஓடிபி வருகிறது, குடும்பக் குழுவில் சித்தப்பாவும் பெரியப்பாவும் நிலத்தகராறு பேசிக்கொள்கிறார்கள். கடவுச்சொல் போட்டுவிட்டால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்டு அசந்து தூங்கிய அம்மாவின் கட்டைவிரலை மெல்லத் தூக்கிக் கைபேசியின் மேல் வைத்துத் திறந்து, விரலை எடுத்த இடத்திலேயே பூப்போல வைத்துவிட்டுப் போனான் என் மகன். கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கோபத்தைவிட அவனுடைய பொறுமைதான் வியப்பாக இருந்தது. வீட்டுக் கணக்கில் அவன் அவ்வளவு பொறுமை காட்டியதில்லை.

எட்டு, ஒன்பது வயதுவரை, பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார முடிகிற வீட்டுக்கு இந்த வழி போதும். கொடுக்கும்போது ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங், ஐபோனில் கைடட் ஆக்சஸ் என்ற வசதியைப் பயன்படுத்தினால், திறந்திருக்கும் ஒரே செயலியைவிட்டு வெளியே போக முடியாதபடி திரையை நிறுத்தலாம். தாத்தா பாட்டியோடு வீடியோ அழைப்புப் பேசக் கொடுக்கும் போனுக்கு இது மிகவும் ஏற்றது.

## இரண்டாம் வழி: கூடத்தில் பொதுக் கருவி, கையில் பட்டன் போன்

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கைபேசியை, சிம் எடுத்துவிட்டு வைஃபையில் மட்டும் இயங்கும்படி செய்து, சார்ஜர் வயர் எட்டும் இடத்தைத் தாண்டாமல் கூடத்து அலமாரியில் நிறுத்திவிடுவது இதன் எளிய வடிவம். மேசைக் கணினி இருந்தால் இன்னும் நல்லது. பெரிய திரை கண்ணுக்கு எட்டத்தில் இருக்கிறது, படுத்துக்கொண்டு பார்க்க முடியாது. பாடம், செயல்முறைத் தாள், கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் அங்கே. டியூஷனுக்கும் விளையாட்டுப் பயிற்சிக்கும் போகும்போது பட்டன் போன்.

தூக்கம், மீறல் ஆகிய இரண்டு அளவுகோல்களிலும் இதுவே முதலிடம். பாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் இடத்தில் யாரும் நள்ளிரவு வரை ரீல்ஸ் பார்ப்பதில்லை. காவல் வேலையும் ஒருவர் தலையில் விழாமல், கூடத்தில் நடமாடும் எல்லோருக்கும் பகிர்ந்துவிடுகிறது.

விலை என்ன? பட்டன் போன் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. டேட்டா இல்லாமல் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள ரீசார்ஜைத் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்த பிறகு, அத்தகைய திட்டங்கள் பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றிலும் உள்ளன. கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டு வாங்க வேண்டும். பட்டன் இருந்தாலே இணையம் இல்லை என்றும் நம்பிவிடக் கூடாது, சில 4ஜி பட்டன் போன்களில் யூடியூப்பே வருகிறது. இரண்டு அறை வீட்டில் கூடம்தான் படிக்கும் இடம், சீரியல் பார்க்கும் இடம், விருந்தினர் படுக்கும் இடம் எல்லாம் என்றால், அங்கே ஒரு பிள்ளை காது கொடுத்துப் பாடம் கேட்க முடியாது. அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே நேரத்தில் வேண்டும் என்ற சண்டையும் தவறாமல் வரும்.

பலரும் எண்ணிப் பார்க்காத விலை இன்னொன்று உண்டு. பதிமூன்று வயதுப் பெண்ணுக்குத் தன் உடம்பைப் பற்றிக் கேட்க ஆயிரம் கேள்விகள் இருக்கும். அவற்றைக் கூடத்தில், மாமா பேப்பர் படிக்கும் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து அவள் தேட மாட்டாள். அம்மாவோ அத்தையோ ஆசிரியையோ அந்தக் கேள்விகளுக்கு இடம் கொடுக்கிறார்கள் என்றால் பொதுக் கருவி சரி. இல்லையென்றால் அவள் தோழியின் கைபேசியில் தேடுவாள், அங்கே என்ன கிடைத்தது என்பது நமக்குத் தெரியவே வராது.

## மூன்றாம் வழி: பூட்டுச் செயலியுடன் சொந்தக் கைபேசி

ஆண்ட்ராய்டு கைபேசிக்குக் கூகுளின் ஃபேமிலி லிங்க், ஐபோனுக்கு 2018 முதல் அதிலேயே வரும் ஸ்க்ரீன் டைம் ஆகிய இரண்டும் இலவசம்; தனியாகக் காசு கொடுத்து வாங்கும் செயலிகள் பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை. நாளுக்கு இத்தனை நேரம், இரவு இத்தனை மணிக்குப் பூட்டு, புதுச் செயலி இறக்கப் பெற்றோர் அனுமதி, பிள்ளை இருக்கும் இடம் ஆகியவற்றை இவற்றால் பார்க்கவும் அமைக்கவும் முடியும். பெற்றோரிடம் ஐபோனும் பிள்ளையிடம் ஆண்ட்ராய்டும் இருந்தாலும் ஃபேமிலி லிங்க் வேலை செய்யும். வாட்ஸ்அப்பில் பிள்ளை யாரோடு என்ன எழுதுகிறது என்பதை அது காட்டாது. காட்டாமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து. பிள்ளைக்குத் தெரியாமல் செய்தி படிக்கும் வேவுச் செயலிகளைப் போட்டு, அது தெரியவந்த பிறகு மகனும் அப்பாவும் மாதக்கணக்கில் பேசாமலிருந்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் மகள் ஏழாம் வகுப்புக்குப் போனபோது இந்த வழியைத்தான் எடுத்தோம். அமைப்பையெல்லாம் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து நானே செய்தேன். மாலையில் மகளோடு இருப்பவர் என் மனைவி என்பதால் அனுமதி கேட்கும் அறிவிப்புகள் அவருடைய கைபேசிக்குப் போகும்படி வைத்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று நான் அலுவலகத்தில் நிம்மதியாக இருந்தேன். ஐந்து மணிப் பேருந்தில் நின்றுகொண்டே வரும் மனைவிக்கு "இன்னும் பதினஞ்சு நிமிஷம்மா" என்று அறிவிப்பு வரும். வீட்டுக்கு வந்து குக்கர் வைத்தால் புதிதாக ஒரு செயலிக்கு அனுமதி. மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போது பூட்டு விழுந்துவிட்டது, பாதிப் படம் பார்த்து வரைந்துகொண்டிருந்தேன் என்று அழுகை. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை மட்டும் ஒன்பது முறை. அன்று இரவு அவர் கைபேசியை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "பூட்டு போட்டது நீங்க. சாவிய மட்டும் என் இடுப்புல சொருகிட்டுப் போயிட்டீங்க." அதன் பிறகு மாலை நான்கு முதல் ஒன்பது வரை வரும் கோரிக்கைகள் என் கைபேசிக்கு மாறின. இரண்டே வாரத்தில் நேர வரம்பையும் செயலிப் பட்டியலையும் திருத்தி, கோரிக்கை வரும் காரணங்களையே குறைத்தேன். அந்தத் தொல்லையை நானே பட்டிருக்காவிட்டால் திருத்தியிருக்க மாட்டேன்.

பூட்டு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்குத் தென்கொரியாவைப் பார்க்கலாம். பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்று 2011-இல் அங்கே சட்டமே வந்தது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாளப் பதிவு எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தார்கள். விளையாட்டு கணினியிலிருந்து கைபேசிக்கு இடம்பெயர்ந்தது, சட்டம் அதைத் தொடவில்லை. கடைசியில் 2021 முடிவோடு அது கைவிடப்பட்டது. வீட்டளவிலும் இதே கதைதான். யூடியூப் செயலிக்கு வரம்பு வைத்தால் க்ரோமில் யூடியூப் திறக்கப்படும். வைஃபையை அணைத்தால் பக்கத்து வீட்டு அண்ணனின் ஹாட்ஸ்பாட். எல்லாம் அடைத்தாலும் பாட்டியின் கைபேசிக்கு எந்த வீட்டிலும் பூட்டு இருப்பதில்லை, பேரன் கேட்டால் பாட்டியும் இல்லை என்று சொல்வதில்லை.

இத்தனை ஓட்டைகள் இருந்தும், பதிமூன்று முதல் பதினாறு வயதுவரை நான் இந்த வழிக்குத்தான் வாக்களிப்பேன். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய், நாலரை முதல் ஏழு வரை பிள்ளை தனியாக இருக்கும் வீட்டில் வேறு எந்த வழியும் அந்த இரண்டரை மணி நேரத்தைத் தொடுவதில்லை. செலவைப் பார்ப்பவர்களுக்கு ஒரு சிறு உத்தி: பிள்ளையின் கைபேசிக்கும் டேட்டா இல்லாத ரீசார்ஜையே போட்டுவிட்டால், இணையம் வீட்டு வைஃபையோடு நின்றுவிடுகிறது, வேனிலும் டியூஷன் வாசலிலும் அது வெறும் போன்தான். பக்கத்து வீட்டு ஹாட்ஸ்பாட் எட்டாத வீட்டில், இரவு ஒன்பதுக்கு ரௌட்டரை அணைத்தால் இரவுப் பூட்டு தனியாகத் தேவைப்படாது. ஆனால் போட்ட பூட்டை ஆண்டுக்கு ஒரு படி தளர்த்த வேண்டும். பதினேழு வயதுவரை ஏழாம் வகுப்புப் பூட்டிலேயே வளர்ந்த பையன், விடுதியின் முதல் மாதத்தில் விடியவிடிய ஆடித் தீர்க்கிறான்.

## நான்காம் வழி: பூட்டில்லை, விதி உண்டு

சாப்பாட்டுத் தட்டின் முன் கைபேசி இல்லை, படுக்கையறைக்குள் இல்லை, பள்ளிக்குக் கிளம்பும் முன் இல்லை, இரவு இத்தனை மணிக்கு எல்லாருடைய போனும் ஓர் இடத்தில் சார்ஜில் இருக்கும். இந்த நான்கு விதிகளோடு ஒரு வீடு நடக்க முடிந்தால் செயலியே வேண்டாம். பிள்ளை தானே நிறுத்தக் கற்றுக்கொள்வது இந்த வழியில்தான்.

இதன் விலையைப் பெரியவர்கள் கட்ட வேண்டியிருக்கிறது. பலருக்கும் அதுதான் கசக்கிறது. தோசையைப் பிய்த்துக்கொண்டே அலுவலகக் குழுவைப் பார்க்கும் அப்பா, விதியை வாயால் சொல்லிப் பயனில்லை. இன்னொரு விலை, இந்த வழி ஓசையில்லாமல் தோற்கும். பூட்டு உடைந்தால் தெரியும். விதி எந்த வாரத்தில் கலைந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.

ஒரு வீடு தனியாகச் செய்ய முடியாததை ஓர் ஊர் செய்துகாட்டியிருக்கிறது. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமத்தில், 2022 சுதந்திர நாள் முதல் மாலை ஏழு மணிக்குச் சைரன் ஒலிக்கும். எட்டரைக்கு மறு சைரன் வரும்வரை வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியும் கைபேசியும் அணைந்திருக்க வேண்டும் என்பது கிராமத்தார் கூடி எடுத்த முடிவு. பெருந்தொற்றுக் காலத்தில் பிள்ளைகளுக்குத் தொற்றிய பழக்கத்தைப் பார்த்துத்தான் அதைத் தொடங்கினார்கள். நகரத்து அடுக்ககத்தில் சைரன் வைக்க முடியாதுதான். ஆனால் "எல்லார்கிட்டயும் இருக்கு" என்ற வாதத்துக்குப் பதில் இருக்குமிடம் இதுவே: ஒரே வேனில் போகும் நான்கைந்து பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து, ஒன்பதாம் வகுப்புவரை ஸ்மார்ட்போன் இல்லை என்று முடிவெடுத்துவிட்டால், அந்த "எல்லார்" என்ற சொல்லே சுருங்கிவிடுகிறது.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | பெற்றோர் கைபேசி | கூடத்துக் கருவி + பட்டன் போன் | பூட்டுடன் சொந்தக் கைபேசி | விதி மட்டும் |
|---|---|---|---|---|
| தூக்கம் | பெரும்பாலும் காக்கும் | நன்றாகக் காக்கும் | இரவுப் பூட்டு இருந்தால் காக்கும் | பெரியவர்கள் கடைப்பிடித்தால் மட்டும் |
| பள்ளித் தேவை | பெற்றோர் வீட்டில் இருக்கும்போது மட்டும் | நிறைவேறும் | நிறைவேறும் | நிறைவேறும் |
| மீறும் வாய்ப்பு | அதிகம். கணக்கு பெரியவருடையது | குறைவு | நடுத்தரம் | அதிகம். வெளியே தெரியாது |
| தானே நிறுத்தப் பழகுதல் | இல்லை | ஓரளவு | தளர்த்திக்கொண்டே போனால் உண்டு | அதிகம் |
| காவல் யார் தலையில் | கைபேசிக்கு உரியவர் | கூடத்தில் இருப்போர் எல்லோரும் | அறிவிப்பு போகும் ஒருவர் | வீட்டுப் பெரியவர்கள் அனைவரும் |
| மறைந்த விலை | பணம், அந்தரங்கம் | இடம், பிள்ளையின் தனிமை | தினசரி வாக்குவாதம் | பெரியவர்களின் சொந்தப் பழக்கம் |
| பொருந்தும் வயது | 9 வரை | 10 முதல் 13 | 13 முதல் 16 | 16-க்கு மேல் |

வயதுக் கோடுகளைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டாம். தாத்தா பாட்டி கூட இருக்கும் வீட்டில் இரண்டாம் வழி பதினைந்து வயதுவரைகூட நிற்கும். பகல் முழுதும் வீடு பூட்டிக் கிடக்கும் குடும்பத்துக்குப் பன்னிரண்டிலேயே மூன்றாம் வழி தேவைப்படலாம். பள்ளி விடுதிக்குப் போகும் பிள்ளைக்குப் பட்டன் போன் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். வீட்டில் ஒரே ஒரு கைபேசிதான் இருக்கிறது, அதுவும் வேலைக்குப் போகும் அப்பாவோடு போய்விடுகிறது என்றால், ஒப்பீட்டுக்கே இடமில்லை. வகுப்பாசிரியரைப் பார்த்து வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதிவிடச் சொல்வதுதான் முதல் வேலை. கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் மறுப்பதில்லை, அவர்களுக்கும் அந்தக் குழுவால் இரவு பத்து மணிவரை வேலைதான்.

## சமூக ஊடகத்தைத் தனியாக முடிவெடுங்கள்

கைபேசி கொடுப்பதும் இன்ஸ்டாகிராம் கொடுப்பதும் ஒரே முடிவு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் மூன்று ஆண்டு இடைவெளி வைக்கலாம்.

ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப் முதலியவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாதபடி செய்தது. மீறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் நிறுவனத்துக்குத்தான்; பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தண்டனை இல்லை. அந்தச் சட்டம் முழுதாக வெல்லுமோ என்னவோ, "சட்டமே கிடையாதுங்குது" என்று சொல்லிவிட்டு நகரும் வசதியை அந்நாட்டுப் பெற்றோருக்குக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டு வீட்டில் அந்த வாக்கியத்தை நாமே சொல்லியாக வேண்டும்.

வாட்ஸ்அப்பில் பிள்ளை தானாகக் கணக்கு தொடங்க, அதன் சொந்த விதிப்படியே குறைந்த வயது பதின்மூன்று. பள்ளிக் குழு பெற்றோரின் எண்ணிலேயே இருக்கட்டும். பிள்ளைக்குத் தனிக் கணக்கு வரும்போது, குழுக்களில் யார் சேர்க்கலாம் என்ற அமைப்பைத் தொடர்பில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடுவது ஒரு நிமிட வேலை. இன்ஸ்டாகிராம் பதினாறுக்குப் பிறகு என்பதே என் தேர்வு. அதற்கு முன்பே கொடுப்பதாக இருந்தால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: பிறந்த ஆண்டை உண்மையாகப் போட வேண்டும். 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த டீன் கணக்கு முறையில், பதின்வயதினரின் கணக்கு தானாகவே, அனுமதி பெற்றவர்கள் மட்டும் பார்க்கும் மூடிய கணக்காக இருக்கும். அறியாதவர் செய்தி அனுப்ப முடியாது. ஒரு மணி நேரம் ஆனதும் நினைவூட்டும். இரவு பத்து முதல் காலை ஏழு வரை அறிவிப்புகள் ஓய்வில் இருக்கும். பதினாறுக்குக் கீழ் உள்ளவர் இவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். 2003-இல் பிறந்ததாகப் பொய்க் கணக்கு திறந்த பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. பெரும்பாலும் அந்தப் பொய்யைத் தட்டச்சு செய்து கொடுப்பவர் வீட்டுப் பெரியவர் ஒருவர்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

## ஒப்பீடு உதவாத இடம்

கைபேசியைப் பிள்ளையிடமிருந்து எடுத்து வைத்தால் சாப்பிட மறுப்பது, பொருளை உடைப்பது, பள்ளிக்குப் போக மறுப்பது, இரவெல்லாம் விழித்திருப்பது ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால், எந்த வழி என்ற விவாதத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெங்களூருவிலுள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் 2014 முதல் இதற்கெனவே 'ஷட்' என்ற தனிப் பிரிவு இயங்குகிறது. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. தெரியாத யாரோ படம் கேட்டு மிரட்டுகிறார் என்று பிள்ளை சொன்னால், கைபேசியைப் பிடுங்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். பணமும் பறிபோயிருந்தால் சைபர் குற்ற எண் 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். சொன்னதற்காகப் போனைப் பறித்துக்கொண்டால், அடுத்த முறை அது சொல்லாது.

எங்கள் வீட்டில் இப்போது மகளுக்கு மூன்றாம் வழி, மகனுக்கு இரண்டாம் வழி. எட்டே முக்காலுக்கு நான்கு கைபேசிகள் ஃபிரிட்ஜின் மேல் சார்ஜில் கிடக்கின்றன. நான்காவது என் மாமியாருடையது, அதைச் சேர்த்த பிறகுதான் ஏற்பாடு நின்றது. முதல் வாரத்தில் விதியை மீறியவன் நான், இரண்டு முறை. அதற்கான அபராதமாக அந்த ஞாயிறு முழுதும் பாத்திரம் துலக்கினேன். மகன் எண்ணிக்கொண்டே நின்றான். அடுத்த திருத்தப் பேச்சு அரையாண்டு விடுமுறைக்கு என்று காலண்டரில் மகள் தன் கையெழுத்தில் குறித்துவைத்திருக்கிறாள்; எட்டே முக்காலை ஒன்பதேகாலாக்க வேண்டும் என்பது அவளுடைய கோரிக்கை, அவளுக்குப் பதினான்கு ஆகிவிட்டதால் எட்டு மணி நேரக் கணக்கை வைத்து வாதாடப் போகிறாள்.